தாய்ப்பாசம் தானாக வருவதா? – கட்டுச்சோறு முதல் கணியம்பாடி ஆய்வு வரை

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. பிள்ளையைப் பெற்றுவிட்டால் போதும், பாசம் தானாக ஊற்றெடுக்கும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. திரைப்படங்களும் மேடைப் பேச்சுகளும் அதையே சொல்லி வந்திருக்கின்றன. இந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பெற்ற குழந்தையிடம் ஒட்ட முடியாமல் தவிக்கும் ஒரு பெண்ணை, "இவளெல்லாம் ஒரு தாயா?" என்று ஊர் எளிதாகக் கேட்டுவிடும்.

கடந்த 75 ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் வேறு விதமாகச் சொல்கின்றன. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பு தாயின் மனதில் மட்டும் உருவாவதில்லை. அவளைச் சுற்றி இருப்பவர்கள் அவளை எப்படித் தாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது வலுப்பெறுகிறது அல்லது தளர்கிறது. கொங்கு நாட்டு வழக்கங்களிலும் தமிழ்நாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன.

கட்டுச்சோறும் தாய்வீடும்

கோபிசெட்டிபாளையம் பவானி ஆற்றின் பாசனத்தில் வளர்ந்த ஊர். கொடிவேரி அணையும் தடப்பள்ளி வாய்க்காலும் அதன் வயல்களுக்கு உயிர். 1979-ல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு பெரியார் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இது கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பேச்சிலும் சடங்கிலும் இன்றும் முழுக்க முழுக்கக் கொங்கு மண்.

இந்தப் பகுதியில் மகள் முதல் முறை கருவுற்றால், ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ அவளுடைய பிறந்த வீட்டார் பல வகைச் சோறு சமைத்து எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். இதற்குக் கட்டுச்சோறு விருந்து என்று பெயர். விருந்து முடிந்ததும் மகளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். அதன் பிறகும் சில மாதங்கள் அவள் அங்கேயே இருப்பாள்.

இதை வெறும் விருந்து என்று நினைத்தால் தவறு. இதன் பலனைக் கவனியுங்கள். பிள்ளை பெற்றவள் 'பச்சை உடம்புக்காரி' ஆகிறாள். அவள் தண்ணீர் சுமக்க வேண்டாம், மாட்டுக்குத் தீவனம் போட வேண்டாம், அடுப்படியில் நிற்க வேண்டாம். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது அம்மாயியின் வேலை. பூண்டும் மிளகும் சேர்த்துப் பத்தியச் சாப்பாடு போடுவது அம்மாவின் வேலை. இரவில் குழந்தை அழுதால் தொட்டிலை ஆட்ட இன்னொரு கை உண்டு. தாய்க்கு மீதி இருக்கும் வேலைகள் மூன்றுதான்: பால் கொடுப்பது, தூங்குவது, குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது.

'சமூக ஆதரவு' என்று இன்றைய உளவியல் நூல்கள் சொல்வது இதைத்தான். உடல் உழைப்பில் உதவி, அனுபவம் உள்ளவரின் ஆலோசனை, மனதுக்குத் துணை ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் கிடைத்தன.

ஆனால் இந்த ஏற்பாடு குறையில்லாதது அல்ல. முதல் பிரசவத்துக்குக் கிடைத்த கவனிப்பு இரண்டாவது மூன்றாவது பிரசவத்துக்குப் பெரும்பாலும் கிடைத்ததில்லை. பிறந்த வீட்டில் அம்மா இல்லாதவளுக்கும், சொந்தங்களை எதிர்த்து மணந்துகொண்டவளுக்கும் அது இல்லை. கட்டுச்சோறு கொண்டு போவதற்கும் பிறகு குழந்தைக்குச் சீர் செய்வதற்கும் கையில் பணம் வேண்டும். இல்லாத வீட்டில் இந்தச் சடங்கே ஒரு கவலையாக மாறியது.

பண்ணையத்திலிருந்து பஞ்சாலை வரை

எல்லாவற்றையும் விடப் பெரிய வேறுபாடு உழைக்கும் பெண்களுக்கு இருந்தது. பண்ணையத்தில் கூலிக்குப் போகும் பெண்ணால் மூன்று மாதம் ஓய்வெடுக்க முடியாது. வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது. குழந்தையை மரத்தடியில் சேலைத் தொட்டிலில் போட்டு, அதைவிடச் சற்றே பெரிய அக்காளைக் காவலுக்கு வைத்துவிட்டு நடவுக்கு இறங்க வேண்டியதுதான். அந்தத் தாய்க்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்கு நேரம்தான் குறைவு.

பஞ்சாலைகள் வந்தபோது இதே சிக்கல் நகரத்துக்கும் வந்தது. 1888-ல் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கப்பட்டது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. கிராமங்களிலிருந்து பெண்களும் ஆலை வேலைக்கு வந்தார்கள். ஆலைச் சங்கு ஒலிக்கும் நேரமும் குழந்தை பசித்து அழும் நேரமும் ஒன்றாக அமைவதில்லை!

தாயைத் தாங்குவது குடும்பத்தின் வேலை மட்டுமல்ல, அரசின் வேலையும்தான் என்ற எண்ணம் இந்தியச் சட்டங்களில் இடம் பெறத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். 1929-ல் பம்பாய் மாகாணம் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு நலச் சட்டத்தை இயற்றியது. சில ஆண்டுகளில் சென்னை மாகாணமும் அதைப் பின்பற்றியது. சுதந்திரத்துக்குப் பின் 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1961-ன் மகப்பேறு நலச் சட்டம் நாடு முழுமைக்குமாக 12 வார விடுப்பும், வேலைக்குத் திரும்பிய பின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளையும் தந்தது. 2017-ல் விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தப்பட்டது.

இவை எல்லாம் பெரிய முன்னேற்றங்களே. ஆனால் நிரந்தர வேலையும் சம்பளப் பட்டியலில் பெயரும் உள்ளவர்களுக்குத்தான் இவை முழுமையாகப் பயன்பட்டன. நாற்று நடும் பெண்ணுக்கும் செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் சட்டப் புத்தகத்தில் இருந்த 26 வாரம் எட்டவில்லை.

பௌல்பி சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

தாய்–சேய்ப் பிணைப்பு ஓர் அறிவியல் துறையாக வளர்ந்த கதைக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். போரில் லட்சக்கணக்கான குழந்தைகள் வீடிழந்து, பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் வளர்ந்தார்கள். வேளாவேளைக்கு உணவு கிடைத்தும் பல குழந்தைகள் வாடினார்கள். இது ஏன் என்று ஆராயும் பணியை உலக சுகாதார நிறுவனம் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் ஒப்படைத்தது. 1951-ல் அவருடைய அறிக்கை வெளியானது. குழந்தைக்கு உணவைப் போலவே நெருக்கமான, தொடர்ச்சியான அன்பும் தேவை என்பது அதன் சாரம்.

பௌல்பியோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவுக்குப் போய், கிராமத்துத் தாய்மார்களையும் குழந்தைகளையும் வீடு வீடாகக் கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் அதே வேலையைத் தொடர்ந்தார். குழந்தை காட்டும் குறிப்புகளைத் தாய் எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு பதில் தருகிறாள் என்பதைப் பொறுத்தே குழந்தையின் பாதுகாப்பு உணர்வு அமைகிறது என்பது அவருடைய முடிவு.

இந்த முடிவைப் படித்த பலர் ஒரு தவறு செய்தார்கள். பாரம் முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டார்கள். குழந்தை சரியாக வளரவில்லையா? தாய் சரியில்லை. வேலைக்குப் போகிறாளா? அதுதான் காரணம். இப்படிப்பட்ட பேச்சுகள் பெருகின. உண்மையில் பௌல்பியின் அறிக்கையிலேயே பெற்றோருக்குச் சமூகத்தின் துணை வேண்டும் என்ற கருத்து இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் உலகம் வசதியாக மறந்துவிட்டது.

அடுத்த கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் 1970-களிலும் 80-களிலும்தான் தீவிரமாகக் கேட்டார்கள். தாய் குழந்தைக்குப் பதில் தர வேண்டும் என்றால், தாய்க்கு யார் பதில் தருவது?

அமெரிக்க ஆய்வாளர் சூசன் கிராக்கன்பர்க் 1981-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அவர் 48 தாய்–சேய் இணைகளைப் பின்தொடர்ந்தார். குழந்தையின் பிணைப்பு பாதுகாப்பானதாக அமையுமா என்பதை, தாய்க்குக் கிடைத்த சமூக ஆதரவை வைத்தே மிக நன்றாகக் கணிக்க முடிந்தது. அதிலும் பிறந்தது முதல் அதிகம் அழுகிற, எளிதில் எரிச்சல் அடைகிற குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு இந்த ஆதரவு மிகவும் தேவைப்பட்டது. அமைதியான குழந்தையைத் தனியாகக்கூடச் சமாளித்துவிடலாம். ஓயாமல் அழுகிற குழந்தைக்கு இன்னொரு தோள் வேண்டும். அம்மாயிமாருக்கு இது எப்போதோ தெரியும்!

பிரசவ அறையில் ஒரு துணை

துணை என்பது குழந்தை பிறந்த பிறகு மட்டும் தேவைப்படுவது அல்ல. மருத்துவர்கள் ஜான் கென்னலும் மார்ஷல் கிளாஸும் சக ஆய்வாளர்களோடு குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினர் வழக்கம்போலத் தனியாக வலி பொறுத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு அறிமுகமில்லாத ஒரு பெண் துணையாக உட்கார்ந்தார். அவர் மருத்துவம் எதுவும் செய்யவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார், முதுகைத் தடவினார், பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

1980-ல் வெளியான முடிவு எல்லோரையும் வியக்க வைத்தது. மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை தனியாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 19.3 மணி நேரம் ஆனது. துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரம்தான். இன்னொரு முடிவும் இருந்தது. துணை இருந்த தாய்மார்கள் பிரசவத்துக்குப் பின் அதிக நேரம் விழித்திருந்தார்கள். குழந்தையை அதிகம் தடவிக் கொடுத்தார்கள், அதைப் பார்த்து அதிகம் சிரித்தார்கள், அதனோடு அதிகம் பேசினார்கள். தாய்க்குக் கிடைத்த அரவணைப்பு அப்படியே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய கிராமத்துப் பிரசவத்தில் மருத்துவச்சியும் வீட்டுப் பெண்களும் சுற்றி இருப்பார்கள். அங்கே துணை இருந்தது, ஆனால் உயிர் காக்கும் மருத்துவம் இல்லை. பிரசவம் மருத்துவமனைக்கு மாறியபோது மருத்துவம் கிடைத்தது, துணை போய்விட்டது. சொந்தங்கள் எல்லாம் வராந்தாவில் நிற்க, பெண் உள்ளே தனியாகக் கிடந்தாள். தமிழ்நாட்டு அரசு 2004-ல் அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் உறவுப் பெண் ஒருவர் உடன் இருக்க அனுமதி தந்தது, இழந்ததை மீட்கும் ஒரு முயற்சி எனலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கு வளைகாப்பு நடத்துவதும், அங்கன்வாடிகள் வழியாக சமுதாய வளைகாப்பு நடத்துவதும் இதே வழியில் வந்தவைதான். வீட்டில் வளையல் போட யாரும் இல்லாத பெண்ணுக்கும் ஊர் கூடி வளையல் போடுகிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

"தாய் மனம் கலங்கினால் பால் இறங்காது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்க ஆய்வாளர்களான நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் தம்பதியர் 1948-ல் இதை ஒரு தாயிடம் சோதித்தார்கள். பால் கொடுக்கும் நேரத்தில் அவருடைய கால்களைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைப்பது, கணக்குப் போடச் சொல்வது போன்ற தொந்தரவுகளைத் தந்தார்கள். தொந்தரவு இல்லாத நாட்களில் குழந்தைக்குச் சராசரியாக 168 கிராம் பால் கிடைத்தது. தொந்தரவு தந்தபோது 99 கிராமாகக் குறைந்தது. அதே தொந்தரவோடு ஆக்ஸிடாசின் ஊசியும் போட்டபோது 153 கிராமாக ஏறியது.

இதன் பொருள் என்ன? பால் வற்றிவிடவில்லை. மார்பில் பால் இருந்தது. அதை வெளியே தள்ளும் ஆக்ஸிடாசின் சுரப்புதான் தடைப்பட்டது. மனம் பதறும்போது உடல் ஆபத்துக்குத் தயாராகிறது. அந்த நிலையில் பால் சுரப்பு, நிதானம், கொஞ்சல் எல்லாம் பின்னுக்குப் போகின்றன. ஆக்ஸிடாசின் பாலோடு மட்டும் தொடர்புடையதல்ல, தாய்க்கும் சேய்க்கும் இடையிலான நெருக்கத்திலும் அதற்குப் பங்கு உண்டு என்று பிந்தைய ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக். தாய் குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டே இருந்து, திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் அசையாமல் இருக்க வேண்டும். 1970-களில் அவர் செய்த இந்தச் சோதனையில், சில மாதக் குழந்தைகூட உடனே மாற்றத்தைக் கண்டுகொண்டது. சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மனச்சோர்வில் இருக்கும் ஒரு தாயின் முகமோ பல வாரங்கள் அப்படியே இருக்கலாம். அது அவளுடைய குற்றமும் அல்ல, அவள் வேண்டும் என்று செய்வதும் அல்ல.

கணியம்பாடி சொன்ன உண்மை

பிள்ளைப் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு மேல்நாட்டு நோய், கூட்டுக் குடும்பம் உள்ள நம் ஊரில் அது இருக்காது என்று பலர் நினைத்ததுண்டு. இந்த எண்ணத்துக்குப் பதில் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பிரதாப் தர்யன், ஜெயப்பிரகாஷ் முலியில் உள்ளிட்ட குழுவினர் வேலூருக்கு அருகில் உள்ள கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 384 பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். அவர்களில் 359 பேரைப் பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் சந்தித்தார்கள். ஆய்வு 2002-ல் பிரிட்டனின் முன்னணி மனநல இதழில் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். அதாவது ஒன்பது தாய்மாரில் ஒருவர்.

யாருக்கு அதிகம் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. குறைந்த வருமானம் உள்ளவர்கள், ஆண் குழந்தையை எதிர்பார்த்துப் பெண் குழந்தை பிறந்தவர்கள், மாமியாரோடு அல்லது பெற்றோரோடு உறவு சரியில்லாதவர்கள், கர்ப்பக் காலத்தில் துயரமான நிகழ்வுகளைச் சந்தித்தவர்கள், வீட்டு வேலையில் கை கொடுக்க ஆள் இல்லாதவர்கள்.

இந்தப் பட்டியலைக் கட்டுச்சோற்றோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். மக்கள் நிறைந்த வீடு வேறு, ஆதரவான வீடு வேறு. பத்துப் பேர் இருக்கும் வீட்டிலும் ஒரு பெண் தனியாக இருக்க முடியும். "பொட்டப் புள்ளையா?" என்று உதட்டைப் பிதுக்கும் ஒரு மாமியார், பத்தியம் போடும் அம்மாவின் கைப்பக்குவத்தையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியும்.

அதே 2002-ல் கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்தது. அங்கே பிரசவமாகி ஆறு வாரங்கள் கடந்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமை, கணவரோடு சரியில்லாத உறவு, பெண் குழந்தை பிறந்தது ஆகியவை அங்கும் காரணங்களாகத் தெரியவந்தன. அடுத்த ஆண்டு வெளியான அதன் தொடர்ச்சியில், மனச்சோர்வுக்கு ஆளான தாய்மாரின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடையிலும் உயரத்திலும் மனவளர்ச்சியிலும் பின்தங்கியிருந்தது தெரிந்தது. தாயின் மனநலம் குழந்தையின் எடைத் தராசிலேயே தெரிகிறது!

சேலத்துத் தொட்டில்

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்பே, தாய்மை பற்றிய கேள்வி தமிழ்நாட்டில் மிகக் கொடூரமான வடிவத்தில் எழுந்தது. 1986-ல் உசிலம்பட்டிப் பகுதியில் நடந்த பெண் சிசுக் கொலைகள் பத்திரிகைகள் வழியாக நாடு முழுவதும் தெரியவந்தன. பிறகு சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் அதே கொடுமை இருப்பது வெளிப்பட்டது. அதாவது கொங்கு மண்ணும் இதற்கு விலக்கல்ல.

1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கினார். பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் கொல்ல வேண்டாம், அரசு வைத்திருக்கும் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பல குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிய திட்டம் இது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே திட்டம் விமர்சனத்துக்கும் உள்ளானது. குழந்தைக்குத் தொட்டில் கிடைத்தது, தாய்க்கு என்ன கிடைத்தது? இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் வீட்டை விட்டுத் துரத்தப்படுவோமோ என்று பயப்படுகிறவள், வரதட்சணைக்கு எங்கே போவது என்ற பேச்சைப் பிரசவ அறையிலேயே கேட்கிறவள், தன் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே அஞ்சுவாள். பார்த்தால் பாசம் வந்துவிடும், பிறகு பிரிய முடியாது. பாசம் இல்லாததால் பிரிந்தவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. பாசம் வளர இடமே தரப்படாதவர்கள் இவர்கள். தொட்டில் அந்தத் தாயையும் குழந்தையையும் சேர்த்துத் தாங்கவில்லை, பிரித்து வைத்தது.

தருமபுரியில் 1997 முதல் 1999 வரை நடந்த முயற்சி வேறு வகையானது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை வைத்துச் சிசுக் கொலையின் அளவை ஆராய்ந்த ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டன. பெண் குழந்தையை ஏற்காத குடும்பத்தையும் ஊரையும் பார்த்துப் பேசின. தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அவளைச் சுற்றி இருந்தவர்களின் மனதை மாற்ற முயன்றதுதான் இதன் சிறப்பு. அதற்குப் பின் மாவட்டத்தில் பெண் சிசு மரணங்கள் குறைந்ததையும் அவர்கள் பதிவுசெய்தார்கள்.

ஆதரவைக் கட்டி எழுப்ப முடியுமா?

அம்மாயி இல்லாத வீட்டுக்கு அம்மாயியைச் செய்து தர முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்கிறது அண்டை நாட்டு அனுபவம். பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகச் செல்லும் சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சிறிய பயிற்சி தந்தார்கள். மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளை அவர்கள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்கள், குடும்பத்தாரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். 2008-ல் முடிவு வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்றவர்கள் சந்தித்த தாய்மாரில் 23 சதவீதம் பேரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 53 சதவீதம் பேரும் மனச்சோர்வில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் போன வீடுகளில் தாய், தந்தை இருவருமே குழந்தையோடு விளையாடும் நேரம் கூடியிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அங்கன்வாடிகளைத் தந்தது. கிராம சுகாதார செவிலியர்கள் பிரசவமான வீடுகளுக்குப் போகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், 2018-ல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கூலி வேலைக்குப் போகும் பெண் சில வாரங்களாவது குழந்தையோடு வீட்டில் இருக்க இந்தப் பணம் உதவும். மனச்சோர்வைக் கண்டறிய 1987-ல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விப் பட்டியல்கூட வேலூரில் தமிழில் சோதித்துப் பார்க்கப்பட்டு 2005-ல் வெளியாகியிருக்கிறது. குழந்தையின் எடையையும் தடுப்பூசியையும் குறித்துக்கொள்ளும் நேரத்தில், தாயிடம் இந்தப் பத்துக் கேள்விகளையும் கேட்டுவிட்டால் பல துயரங்களைத் தொடக்கத்திலேயே தடுக்கலாம்.

மாறிவரும் கொங்கு வீடுகள்

கொங்கு மண்டலம் தமிழ்நாட்டிலேயே மிகச் சீக்கிரம் சிறு குடும்பத்துக்கு மாறிய பகுதிகளில் ஒன்று. வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள். இதனால் பல நன்மைகள் உண்டு. ஆனால் அக்காள், தங்கை, சித்தி, பெரியம்மா என்ற வட்டம் சுருங்கிவிட்டது. ஒற்றை மகளைப் பெற்ற அம்மாவே இன்று வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். மகள் திருப்பூரிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்கலாம். கட்டுச்சோறு விருந்து மண்டபத்தில் முன்பைவிடப் பெரிதாக நடக்கலாம். ஆனால் விருந்து முடிந்த பின் வரும் நாற்பது இரவுகளுக்கு யார் கூட இருப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்த இடத்தில் கணவனுக்கு ஒரு பங்கு இருக்கிறது. பழைய வழக்கத்தில் தாய்வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளிதான் அவன். இன்றைய சிறு குடும்பத்தில் இரவில் தொட்டிலை ஆட்ட வேண்டிய கை அவனுடையதுதான். பக்கத்து வீட்டாருக்கும், வேலை தரும் நிறுவனத்துக்கும், அரசுக்கும் அவரவர் பங்கு உண்டு.

பிரசவமான வீட்டுக்குப் போகிறவர்கள் நேராகத் தொட்டிலுக்குப் போய், "யாரு மாதிரி இருக்குது?" என்று கேட்பதுதான் வழக்கம். அதில் தவறில்லை. அதோடு அப்படியே திரும்பி, பக்கத்தில் படுத்திருக்கும் பச்சை உடம்புக்காரியிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்: "நீ ராத்திரி தூங்குனயா அம்மிணி?"